சட்டாம்பிள்ளையா, தமையனா?

கல்லூரிகள் விழாக் கொண்டாடுங்கால் மலர் வெளியிடுதல் மரபு. அம் மலரிலே அதிபர்மாரின் படங்கள் இடம்பெறும். துடுப்பாட்டக் குழுவினரின் படம் இடம்பெறும். பரீட்சைகளிற் சிறப்புச் சித்தி எய்தியோரின் பெயர்கள் வரிசையாக அச்சேறும். விடுதிச்சாலையின் மாணவ முதல்வனுக்கோ குழுப்படத்தின் ஓரத்தில் நிற்க ஓரிடம் கிடைத்தாற் போதும் என்பதே வழக்கமாகிவிட்டது. அவன் ஆற்றும் பணியின் அருமையையும், அப்பணி தவறான வழியிற் சென்றால் விளையும் கேட்டையும் நினைத்துப் பார்ப்பவர் சிலரே. ஆதலின், இவ் விழா மலரில் அவனைப் பற்றி நாம் சில சொல்ல விழைகின்றோம்.

விடுதி மாணவ முதல்வன் யார்? பதினெட்டு வயது நிரம்பியும் நிரம்பாமலும் இருக்கும் ஓர் இளைஞன். விடியற்காலை மணி அடித்ததும் முதலில் எழுபவன். இளையோரை எழுப்பிக் கிணற்றடிக்கும் குழாயடிக்கும் அனுப்புபவன். கூட்டுப் பிரார்த்தனையிற் குறைந்த தலைகளை எண்ணுபவன். உணவுக்கூடத்திற் கடைசிப் பந்தியிற் புட்டும் சம்பலும் எஞ்சியிருந்தால் உண்பவன். இரவிலே விளக்கணைத்த பின்னரும் ஒருமுறை கட்டில்களினிடையே நடந்து பார்ப்பவன். இவ்வளவும் செய்துகொண்டே தன் உயர்தரப் பரீட்சைக்கும் அவன் படிக்க வேண்டும். அவன் ஆசிரியனல்லன், தந்தையுமல்லன், காவற்காரனுமல்லன். ஆயினும் அம் மூவர் செய்யும் பணியிலும் ஒரு பங்கு அவன் தலையில் விழுகின்றது. இப் பங்கினை எவ்வகையில் அவன் ஆற்ற வேண்டும்? பிரம்பேந்திய சட்டாம்பிள்ளையாகவா, அன்றித் தோளிற் கைபோடும் தமையனாகவா? இதுவே நம் வினா.

சட்டாம்பிள்ளை என்னும் சொல் இன்றைய மாணவர் சிலருக்குப் புதிதாயிருக்கலாம். நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் பயின்ற திண்ணைப் பள்ளிகளில், ஆசிரியருக்கு அடுத்த நிலையில் நின்ற மூத்த மாணவனே அவன். இளையோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் அவன் கடன். பிந்தி வந்தோரைத் தண்டிப்பதும் அவன் உரிமை. அவனுக்குத் தின்பண்டங் கொடுத்து அடிக்குத் தப்பிய பிள்ளைகளின் கதைகளை நம் முதியோர் நகைச்சுவையோடு சொல்லக் கேட்டிருக்கின்றோம். அடிபட்டவர்களுக்கு அது நகைச்சுவையாயிருந்திராது.

இச் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்ற வரலாறு வியப்புக்குரியது. 1787 இல் சென்னைக்கு வந்த அன்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், 1789 இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்தைப் பொறுப்பேற்றார். ஒருநாள், நம்மவர் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். அம்முறையைத் தம் காப்பகத்திற் புகுத்த விரும்பியபோது ஆங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே கீழ் வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் கற்பித்தான், மற்றையோர் கற்றனர். 1797 இல் இலண்டனில் இதனை ஒரு நூலாக அவர் வெளியிட, மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கும் அம்முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு பிரித்தானியப் பாடசாலைகள் ஆயிரக்கணக்கானவற்றிற் பரவிற்று. அவருடைய பொருளுதவியால் 1833 இல் ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் நகரிலே தோன்றிய கல்லூரி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகின்றது.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சட்டாம்பிள்ளையிடம் இரண்டு குணங்கள் இருந்தன. ஒன்று, தனக்குத் தெரிந்ததைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும் குணம். மற்றையது, தம்பியை அடிக்கும் குணம். மேனாட்டார் வியந்து எடுத்துச் சென்றது முன்னதையே. பின்னதற்கு அவர்கள் நம்மிடம் வரவேண்டியிருக்கவில்லை. அவர்தம் விடுதிப் பள்ளிகளில் அது போதிய அளவு இருந்தது. 1828 முதல் 1842 வரை றக்பிப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்த தோமஸ் ஆர்னோல்ட், மேல் வகுப்பு மாணவருக்கு அதிகாரம் வழங்கி அவர்கள் மூலம் பள்ளியின் ஒழுக்கத்தைத் திருத்தலாம் என நம்பினார். அவர் எண்ணம் உயர்ந்தது. ஆயினும் அவருடைய மாணவருள் ஒருவரான தோமஸ் ஹியூஸ் 1857 இல் வெளியிட்ட ‘ரொம் பிறவுணின் பள்ளி நாட்கள்’ என்னும் கதையைப் படிப்போர், அதே பள்ளியில் மூத்தோர் இளையோரை எவ்வாறு வதைத்தனர் என்பதையும் அறிவர். இலங்கைக் கல்லூரிகளுக்கு மாணவ முதல்வன் என்னும் பதவி வந்து சேர்ந்தபோது இவ்விரு மரபுகளும் ஒன்றாய்க் கலந்தே வந்தன. நற்பண்பும் வந்தது, பிரம்பும் உடன் வந்தது.

பழங்கதை பேசி எம் குற்றத்தை மறைத்தல் முறையன்று. நாமும் ஒருகாலத்தில் ஒரு விடுதியில் மாணவ முதல்வராயிருந்தோம். எவ் விடுதி என்பது வேண்டா. பிழை விடுதியினதன்று, எம்முடையதே.

1990களின் பிற்பகுதி அது. யாழ்தேவி வவுனியாவோடு நின்றுவிட்ட காலம். வன்னியிலிருந்து ஒரு கடிதம் கொழும்புக்கு வரக் கிழமைகள் பல செல்லும். சில வேளை வாராமலே போய்விடும். நகரிலோ சுற்றிவளைப்புக்கள், அடையாள அட்டையின்றி வீதியில் இறங்கிய இளைஞர் பொலிஸ் நிலையத்தில் இராக் கழிக்க நேர்ந்த நாட்கள். ஆதலால் அனுமதியின்றி எவரும் படலையைத் தாண்டலாகாது என்பது விடுதியின் முதற் சட்டமாயிருந்தது. அது நல்ல சட்டமே.

எட்டாம் வகுப்பிற் படித்த வன்னிச் சிறுவன் ஒருவன் அச் சட்டத்தை மும்முறை மீறினான். மாலைப் பிரார்த்தனை வேளையில் மறைவான்; இரவு உணவுக்கு முன் திரும்பிவிடுவான். மூன்றாம் முறை நாம் அவனைப் பிடித்துக்கொண்டோம். எங்கே போனாய் என்று அதட்டினோம். அவன் வாய் திறக்கவில்லை. அதனை அடங்காமை எனக் கொண்டோம். அன்றிரவு படிப்பு நேரம் முழுவதும் மண்டபத்தின் நடுவே, நூறு பிள்ளைகளின் கண்முன், அவனை முழந்தாளில் நிறுத்தினோம். எமக்கு அப்போது பெருமிதமாயிருந்தது என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றோம்.

மறுநாட் காலை விடுதிச் சமையற்காரர் எம்மை அழைத்து மெல்லச் சொன்னார்: “தம்பி, அந்தப் பிள்ளை வெள்ளவத்தை லொட்ஜுகளுக்குப் போய் வருகுது. வன்னியிலயிருந்து ஆரும் வந்தவையோ, தாயின்ர கடிதம் கொண்டு வந்தவையோ எண்டு கேக்கப் போகுது. ரெண்டு மாதமாக் கடிதமில்லை.”

சட்டம் சரி, பிள்ளை அதை மீறியது பிழை, எமது அச்சமும் நியாயமானதே. அவன் ஒருநாள் சுற்றிவளைப்பில் அகப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஆனால், ‘எங்கே போனாய்’ என்று நூறு பேர் நடுவே அதட்டிய நாம், ‘என்னடா தம்பி, என்ன நடந்தது’ என்று தனியே ஒருமுறை கேட்கவில்லை. கேட்டிருந்தால், அடையாள அட்டையோடு நாமே அவனை அழைத்துச் சென்றிருக்கலாம். அல்லது அவனுக்குப் பதிலாக நாமே சென்று விசாரித்து வந்திருக்கலாம். பிற்பாடு மன்னிப்புக் கேட்கவும் எமக்கு மனம் துணியவில்லை; மாணவ முதல்வன் எட்டாம் வகுப்பானிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற வீண் மானம். மேலும் ஈராண்டுகள் அவன் அவ் விடுதியிலேயே இருந்தான். காணுந்தோறும் “அண்ணா” என்று தலைகுனிந்து வழிவிடுவான். எம்மிடம் ஒன்றையும் அவன் கேட்டதேயில்லை, ஒன்றையும் சொன்னதுமில்லை. ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது. தமையன் ஒருவனை அவன் இழந்தான். தம்பி ஒருவனை நாம் இழந்தோம்.

திருக்குறளைப் புரட்டுவோர் அதிகார வைப்பு முறையைச் சற்று நோக்குக. 55 ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை, 57 வெருவந்த செய்யாமை, 58 கண்ணோட்டம். முறை செய்தலைச் சொன்ன ஆசிரியர், முறை தவறுதலைச் சொல்லி, அஞ்சுவன செய்து ஆளாமையைச் சொல்லி, இரக்கத்திற் கொண்டுவந்து முடிக்கின்றார். நாடாள்வோனுக்கு வகுத்த அவ்வொழுங்கு நாற்பது கட்டில்களை ஆள்வோனுக்கும் பொருந்தும் என்பது எம் துணிபு.

“தண்டனையின்றி ஒழுங்கு நிற்குமா? நாங்கள் அடிபட்டுத்தானே ஆளானோம்!” என்று பழைய மாணவர் சிலர் சொல்வதை நாம் அறிவோம். அவர்களுடைய கல்லூரிப் பற்றில் எமக்கு ஐயமில்லை. ஆயின் அடிபட்டு ஆளானவர்களையே நாம் விழாக்களிற் காண்கின்றோம். அடிபட்டு விடுதியை விட்டகன்றவர்கள் விழாவுக்கு வருவதில்லை. அன்றியும், உடற்றண்டனையைப் பாடசாலைகளிலிருந்து விலக்கிக் கல்வி அமைச்சு 2005 இற் சுற்றறிக்கை விடுத்துள்ளது. ஆசிரியருக்கே இல்லாத உரிமையை மாணவன் ஒருவனுக்கு எவர் கொடுத்தல் கூடும்? மாணவ முதல்வனின் கையிற் பிரம்பிருந்தால், அது எவரும் கொடாத பிரம்பே.

விடுதிகளில் மூத்தோரின் அதிகாரம் கட்டவிழ்ந்து செல்லின் எங்குச் சென்று முடியும் என்பதற்குச் சான்றுகள் உள. 1975 இற் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் விடுதியிலே, பகிடிவதைக்கு அஞ்சிய மாணவி ஒருவர் மேல் மாடியிலிருந்து குதித்து நடக்கும் வலுவை இழந்தார். 1996 இற் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொலையுண்டார். அதன் விளைவாக 1997 இல் தமிழ்நாட்டிற் பகிடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. அதே 1997 இற் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிர் நீத்தார். மறு ஆண்டு, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. பகிடிவதைக்கு ஈராண்டு வரையும், பாலியற் கொடுமையோ கடுங்காயமோ விளைப்பின் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனையை அச் சட்டம் விதிக்கின்றது. பல்கலைக்கழகத்திற் புகுந்த நாளன்றே எவரும் கொடியவராய் மாறிவிடுவதில்லை. இளையோனைத் தாழ்த்தி இன்புறும் பழக்கம் முளைவிடும் இடங்களுள் பாடசாலை விடுதியும் ஒன்று. அங்கே கிள்ளி எறிதல் எளிது.

அங்ஙனமாயின் மாணவ முதல்வன் செய்யத்தக்கன எவை? எம் கருத்திற் பட்டவற்றைச் சொல்கின்றோம்.

முதலாவது, கேட்டல். விடுதிக்குப் புதிதாய் வரும் பதினொரு வயதுப் பிள்ளை முதற் கிழமை இரவுகளிற் போர்வைக்குள் அழும். கொழும்பு விடுதிகளில் யாழ்ப்பாணப் பிள்ளையும், மட்டக்களப்புப் பிள்ளையும், மலையகப் பிள்ளையும், மன்னார்ப் பிள்ளையும் அடுத்தடுத்த கட்டில்களிற் படுப்பர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு நகைப்பாயிருக்கும். அந் நகைப்பு ஒருநாட் கேலியாகவும், ஒரு மாதத்திற் காயமாகவும் முற்றும். அதனை முதல் நாளே நிறுத்தக்கூடியவன் ஆசிரியனல்லன். அவ்வறையிலே உறங்கும் மூத்த மாணவனே.

இரண்டாவது, முன்னின்று செய்தல். சென்னை மயிலாப்பூரில் 1905 இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லத்திலே விடுதி வேலைகளை மாணவரே பகிர்ந்து செய்தல் நெறி. சுவாமி விபுலாநந்தர் துறவு வாழ்வைத் தொடங்கியது அதே மயிலாப்பூர் மடத்தில், 1922 இல். பின்னர் 1929 இற் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கல்வியளித்தது. விளக்குமாற்றைத் தானே முதலில் எடுக்கும் முதல்வன் பின் எவரையும் அதட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, எல்லையறிதல். இதுவே மிகவும் அருமையானது. தம்பி ஒருவன், “அண்ணா, ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்” என்று கேட்டாற் சத்தியம் பண்ணலாகாது. வீட்டு ஏக்கத்தையும் நண்பனோடு பிணக்கையும் மறைத்து வைக்கலாம். எவரேனும் அவனைத் தகாத முறையில் தொட்டாலோ, அவன் உயிரை மாய்க்க நினைப்பதாகச் சொன்னாலோ, அது பதினெட்டு வயதானின் தோள் தாங்கும் சுமையன்று. அன்றிரவே பொறுப்பாசிரியரிடம் அது போய்ச் சேர வேண்டும். பொறுப்பாசிரியர் மீதே குறையிருப்பின் அதிபரிடம் செல்க. அதற்கும் வழியில்லையெனில், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. இவ்விலக்கம் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். உதவி தேடிச் சொல்வது கோள் சொல்வதாகாது என்பதை மாணவ முதல்வனுக்கு முதல் நாளே கற்பித்தல் வேண்டும்.

கல்லூரியாரிடமும் எமக்கு விண்ணப்பம் உண்டு. துடுப்பாட்டத் தலைவனென்றோ, உரத்த குரலுடையோனென்றோ விடுதி முதல்வனைத் தெரியற்க. இளையோர் எவனிடம் தாமாகச் செல்கின்றனர் என்று ஒரு தவணை கவனித்துப் பார்த்தால் உரியவன் தானே தெரிவான். பதவிச் சின்னம் அணிவிக்குமுன் அவனுக்குச் சில நாட் பயிற்சி அளிக்க. கிழமைக்கு ஒருமுறை பொறுப்பாசிரியர் அவனை அமர்த்தி, “பிள்ளைகள் எப்படி?” என்பதோடு நில்லாமல், “நீ எப்படி?” என்றும் கேட்க. உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவன் சுமையை வேறொருவனுக்கு மாற்றுக. பிறர் பிள்ளைகளைக் காத்ததால் ஒரு பிள்ளையின் பரீட்சை பாழாகுதல் நீதியன்று.

பழைய மாணவராகிய நமக்கும் கடமையுண்டு. 1951 இற் பம்பலப்பிட்டியில் தோன்றிய கொழும்பு இந்துக் கல்லூரி, 1983 ஆடிக் கலவரத்தின்போது அகதிகளின் உறைவிடமாயிற்று. வகுப்பறைகளே படுக்கையறைகளாகிய அந் நாட்களில் வேண்டப்பட்டது பிரம்பன்று. தண்ணீருக்கு வரிசை அமைப்பவனும், பெயர்களை எழுதிக்கொள்பவனும், அழுத பிள்ளையின் பக்கத்தில் இருப்பவனுமே வேண்டப்பட்டனர். ஒருவர்க்கொருவர் துணையாயிருக்கும் பழக்கம் இடுக்கண் வந்த அன்று திடீரெனத் தோன்றாது. அமைதிக் காலத்தில் விடுதிகளிற் பயின்றதே அன்று கைகொடுக்கும்.

மேலும், இன்று வெளியூரிலிருந்து கொழும்புக்குப் படிக்க வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் விடுதி கிடைப்பதில்லை. வெள்ளவத்தையின் கடற்கரையோர ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் மாடி வீடுகளிலும், வாடகை அறைகளில் இருவர் மூவராகத் தங்கி, கடைச் சாப்பாடு உண்டு, ரியூசன் வகுப்புக்கும் பாடசாலைக்குமாக அலைவோர் பலர். அவர்களுக்கு மணி அடிப்பாரும் இல்லை. காய்ச்சல் கண்டால் நெற்றி தொட்டுப் பார்ப்பாரும் இல்லை. விடுதிப் பிள்ளைக்கு நல்ல முதல்வனோ தீய முதல்வனோ ஒருவன் உண்டு. இப் பிள்ளைக்கு ஒருவனும் இல்லை. பழைய மாணவர் சங்கம் மனம் வைத்தால், ஒவ்வோர் ஒழுங்கைக்கும் பொறுப்பான பல்கலைக்கழக மாணவர் ஒருவரை அமர்த்தலாம். பெற்றோரின் இசைவோடு கிழமைக்கொருமுறை அப்பிள்ளைகளைச் சென்று காணச் செய்யலாம். மாதத்துக்கொருமுறை அனைவரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி ஒருவேளை வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். 1902 இல் எழுந்த விவேகானந்த சபையின் மண்டபம் கொட்டாஞ்சேனைப் பக்கத்தே மேட்டில் நிற்கின்றது. வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் நிற்கின்றது. முன்னோர் இடங்களைத் தேடி வைத்துவிட்டனர். ஆட்களைத் தேட வேண்டியது நம் கடன். விழாவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு கூறு இதற்குப் போதும்.

இம் மலரைக் கையிலேந்தும் மாணவரே, உங்களுள் எவனேனும் வரும் ஆண்டில் விடுதி முதல்வனாய்ச் சின்னம் அணிவானாயின், அவனுக்கு நாம் சொல்வது இதுவே: சட்டத்தை விடற்க, படலையைக் காக்க, பிந்தி வந்தவனைப் பிந்தி வந்தாய் என்று சொல்க. ஆனால் தண்டிக்க நினைக்குமுன் அவனைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்க. விடை சொல்ல அவனுக்குப் பொழுது கொடுக்க. நாம் கேளாது விட்ட அக் கேள்வியை நீ கேட்பாயாயின், இக் கட்டுரை எழுதிய பயன் எமக்கு எய்தியதாகும்.